அளந்ததை அளந்தபடி சொன்னவர்

பொருளாதாரம் படித்த என் தலைமுறையினருக்கு வி.எம். தாண்டேகர் என்ற பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நீலகண்ட ரத்துடன் இணைந்து 1971-இல் அவர் வெளியிட்ட இந்திய வறுமை குறித்த ஆய்வைப் படிக்காமல் எங்களில் எவரும் முதுகலைத் தேர்வைக் கடந்திருக்க முடியாது. ஆய்வு மாணவனாகப் புணே சென்றிருந்தபோது, அங்கே ஒரு நூலகத்தில் அதே தாண்டேகரின் பெயரை வேறொரு நூலில் கண்டேன். டெக்கான் கல்லூரி 1951-இல் வெளியிட்ட அந்த நூல் மகாராஷ்டிர மக்களின் உடலளவுகளைப் பற்றியது. உயரம், தலை, மூக்கு என்று பக்கம் பக்கமாக அட்டவணைகள். வறுமைக்கோட்டை வரைந்தவருக்கு மனிதர்களின் மூக்கில் என்ன வேலை என்ற வியப்புடன் தலைப்புப் பக்கத்தைத் திருப்பினேன். முதன்மை ஆசிரியராக இராவதி கார்வே என்றிருந்தது.

மகாபாரதப் பாத்திரங்களை ஆராயும் 'யுகாந்தா' நூலின் ஆசிரியராகவே நம் வாசகர்கள் பலர் அவரை அறிவார்கள். சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நூல் அவருடைய வாழ்க்கைப் பணியில் ஒரு பகுதிதான். அவர் பயின்றது மனித உடலையும் அதன் மரபு வழியையும் ஆராயும் உயிரியல் மானிடவியல். இந்தியாவில் அத்துறையில் அடியெடுத்து வைத்த முதல் பெண்களுள் ஒருவர் அவர்.

பர்மாவின் மியின்ஜான் நகரில் 1905 டிசம்பர் 15-இல் அவர் பிறந்தார். தந்தை கணேஷ் ஹரி கர்மார்கர் அங்கே ஒரு பருத்தி நிறுவனத்தில் பொறியாளர். ஐராவதி ஆற்றின் பெயரையே மகளுக்குச் சூட்டினார். ஏழு வயதில் அந்தப் பெண் புணேயின் ஹுசூர்பாகா பள்ளி விடுதிக்கு அனுப்பப்பட்டாள். அங்கே கிடைத்த தோழி சகுந்தலா பராஞ்சபே. சகுந்தலாவின் தந்தை ஆர்.பி. பராஞ்சபே, கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர், பெர்குசன் கல்லூரியின் முதல்வர், வெளிப்படையான நாத்திகர். இராவதியையும் அவர்கள் தம் வீட்டிலேயே வளர்த்தார்கள். புத்தகங்களும் வாதங்களும் நிறைந்த அந்த வீடு அமைந்திராவிட்டால், அவர் ஏதோ ஒரு சமஸ்தானத்தின் மருமகளாகப் போயிருப்பார். தந்தையின் விருப்பமும் அதுவாகத்தான் இருந்தது.

பெர்குசன் கல்லூரியில் தத்துவம் படித்து 1926-இல் பட்டம் பெற்றவர், பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் ஜி.எஸ். குர்யேயிடம் சமூகவியல் பயின்றார். தாம் பிறந்த சித்பாவன் பிராமணர்களைப் பற்றியே முதுகலை ஆய்வேட்டை எழுதினார். இதற்கிடையே திருமணம். கணவர் தினகர் கார்வே வேதியியல் ஆசிரியர். விதவை மறுமணத்துக்கும் பெண் கல்விக்கும் வாழ்நாளை அளித்த மகரிஷி தோண்டோ கேசவ் கார்வேயின் மகன். மருமகள் மேற்படிப்புக்காக ஜெர்மனி செல்வதை அந்த மகரிஷி விரும்பவில்லை என்பதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. ஊரார் மகள்களுக்குக் கல்லூரி கட்டிய பெரியவருக்கும் சொந்த வீட்டு வாசலில் ஒரு தயக்கம் இருந்திருக்கிறது. ஆனால் தினகர் உறுதியாக நின்றார். காங்கிரஸ் தலைவர்களுள் ஒருவரான ஜீவராஜ் மேத்தாவிடம் கடன் பெற்று, 1928-இல் இராவதி பெர்லின் சென்றார்.

அவர் சேர்ந்த இடத்தின் முழுப்பெயர், மானிடவியல், மனித மரபியல், இனமேம்பாட்டியல் ஆகியவற்றுக்கான கெய்சர் வில்லெம் நிறுவனம். பெர்லின் புறநகரான டாலெமில் 1927-இல்தான் அது தொடங்கப்பட்டிருந்தது. அதன் இயக்குநர் ஆய்கன் ஃபிஷர் அன்றைய ஜெர்மன் மரபியலின் பெரும்புள்ளி. 1908-இல் ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த தென்மேற்கு ஆப்பிரிக்காவுக்குச் சென்று, ஐரோப்பியத் தந்தையருக்கும் ஆப்பிரிக்கத் தாய்மாருக்கும் பிறந்த ரெஹோபோத் மக்களை அளந்து, இனக்கலப்பு தீங்கானது என்று நூல் எழுதியவர். அந்த நிலத்தில் ஹெரேரோ மக்களை ஜெர்மானியப் படை கொன்று குவித்த காலம் அது. இராவதியின் ஆய்வு நெறியாளராக அமைந்தவர் இவர்தான்.

ஃபிஷர் அவருக்கு அளித்த தலைப்பு, மனித மண்டையோட்டின் இயல்பான சமச்சீரின்மை. எவருடைய தலையும் இடமும் வலமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒருபுறம் சற்றே புடைத்தும் மறுபுறம் சற்றே தட்டையாகவும் இருப்பது இயற்கை. ஃபிஷரின் கருதுகோள் அதைத் தாண்டிச் சென்றது. வெள்ளை ஐரோப்பியரின் மூளையின் முன்பகுதி ஒருபுறம் கூடுதலாக வளர்ந்திருக்கிறது, அவர்களுடைய தர்க்க ஆற்றலுக்கு அதுவே காரணம், ஆகவே அவர்களின் மண்டையோட்டில் சமச்சீரின்மை மற்றவர்களைவிட மிகுந்திருக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. எலும்பில் அதற்குச் சான்று தேடுவதே மாணவியின் வேலை.

இராவதி 149 மண்டையோடுகளை ஆராய்ந்தார். அவற்றில் ஐரோப்பியருடையவையும் இருந்தன. காலனி நாடுகளிலிருந்து கொண்டுவந்து குவிக்கப்பட்டவையும் இருந்தன. காலிப்பரால் ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு இடப்பக்கம் ஓர் அளவு, வலப்பக்கம் ஓர் அளவு, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு என்று மில்லிமீட்டர் கணக்கில் நடக்கும் வேலை இது. கையின் அழுத்தம் சற்று மாறினாலே அளவு மாறிவிடும். இப்படிப்பட்ட ஆய்வில் எதிர்பார்ப்பு எண்ணுக்குள் நுழைவதற்கு எத்தனையோ இடைவெளிகள் உண்டு. ஐயத்துக்குரிய ஓட்டை ஒதுக்கலாம். புள்ளியைச் சற்றே நகர்த்தலாம். தொகுதிகளை மாற்றிப் பிரிக்கலாம். அவற்றில் எதையும் அவர் செய்யவில்லை. சமச்சீரின்மைக்கும் இனத்துக்கும் தொடர்பில்லை என்று ஆய்வேட்டில் எழுதினார். அயல்நாட்டிலிருந்து கடன் வாங்கி வந்த, இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த ஒரு பெண், பட்டம் தரவேண்டிய ஆசிரியரின் கருதுகோளுக்கு நேர் எதிரான முடிவை அவரிடமே சமர்ப்பித்தார். முனைவர் பட்டம் கிடைத்தது. தேர்ச்சிக்குரிய தரங்களில் தாழ்ந்த தரமே கிடைத்தது.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. முனைவர் பட்டத்துக்காக நான் காவிரிப் பாசனப் பகுதியில் விவசாயக் குடும்பங்களை ஆய்வு செய்தேன். நிலத்தின் பரப்பு குறையக் குறைய ஏக்கருக்கான விளைச்சல் கூடுகிறதா என்பது அன்று இந்தியப் பொருளியலில் பெரும் விவாதம். என் நெறியாளர் கூடுகிறது என்ற கட்சி. என் அட்டவணைகள் அப்படி எதையும் காட்டவில்லை. நிலவுடைமையை ஐந்து பிரிவாக வைத்திருந்த நான், அதை மூன்றாகச் சுருக்கிப் பார்த்தேன். அவர் விரும்பிய போக்கு தெரிந்தது. அந்த மூன்று பிரிவு அட்டவணைதான் ஆய்வேட்டில் அச்சாயிற்று. ஐந்து பிரிவு அட்டவணை என் மேசையின் இழுப்பறையிலேயே தங்கிவிட்டது. அவர் என்னிடம் எதையும் மாற்றச் சொல்லவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமலே நான் புரிந்துகொண்டேன். பாராட்டுடன் பட்டம் பெற்றேன். இராவதியின் பெர்லின் கதையை விரிவாக அறிந்தது ஓய்வு பெற்ற பிறகுதான். அதனால்தான் அந்த 149 மண்டையோடுகளை என்னால் எளிதில் கடந்துவர முடியவில்லை.

ஃபிஷர் 1933-இல், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த ஆண்டிலேயே, பெர்லின் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவருடைய நிறுவனம் நாஜி அரசின் கட்டாயக் கருத்தடைத் திட்டத்துக்கு அறிவியல் முத்திரை வழங்கியது. 1942-இல் அவருக்குப் பின் இயக்குநரானவர் ஓட்மர் ஃபான் ஃபெர்ஷூவர். அவருடைய பழைய மாணவர் ஜோசப் மெங்கலே ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து மனித உறுப்புகளை அந்த நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தார். ஃபிஷர் எந்தத் தண்டனையும் இன்றி 1967 வரை வாழ்ந்தார்.

நாடு திரும்பிய இராவதி, பம்பாயில் மாமனார் நிறுவிய பெண்கள் பல்கலைக்கழகத்தில் பதிவாளராகச் சில ஆண்டுகள் பணியாற்றினார். நிர்வாகம் அவருக்குப் பிடிக்கவில்லை. 1939-இல் புணே டெக்கான் கல்லூரியில் சமூகவியல் துறையில் சேர்ந்து, இறுதிவரை அங்கேயே இருந்தார். தொல்லியலாளர் எச்.டி. சங்காலியாவுடன் 1944-இல் குஜராத்தின் லாங்நாஜுக்குச் சென்று, கற்கால மனிதர்களின் எலும்புக்கூடுகளை அகழ்ந்தெடுப்பதில் பங்கு கொண்டார். புணேயில் முதன்முதலாக ஸ்கூட்டர் ஓட்டிய பெண் என்ற பெயரும் அவருக்கு உண்டு. தாலியோ குங்குமமோ அணியவில்லை. கணவரைப் பெயர் சொல்லி அழைத்தார். பிள்ளைகள் அவரை 'இரு' என்று அழைத்தார்கள். 1940-களின் புணேயில் இவை பேசுபொருளாகியிருக்கும். அவர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

இந்தியாவில் அவர் கையிலெடுத்த பெருங்கேள்வி சாதி. 1901 கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ரிஸ்லி, மூக்கின் அகலம் கூடக்கூடச் சமூகத் தகுதி குறைகிறது என்று ஒரு விதியையே வகுத்திருந்தார். குர்யே அதை அப்படியே ஏற்கவில்லை. ஆனாலும் ஒரே பெருங்குழு காலப்போக்கில் பிளந்து பிளந்துதான் உட்சாதிகள் தோன்றின என்பது அவருடைய பார்வை. தம் முன்னாள் ஆசிரியரின் இந்தக் கருத்தையும் இராவதி அளந்து பார்க்க முற்பட்டார்.

கருத்து எளியது. மகாராஷ்டிரத்தில் குயவர் என்ற பொதுப்பெயரால் அழைக்கப்படுவோர் ஒரே குழுவினர் அல்லர். சக்கரத்தைச் சுற்றும் முறையே வேறுபட்ட, தமக்குள் பெண் கொடுத்து எடுக்காத பல குழுக்கள் அந்தப் பெயருக்குள் இருக்கின்றன. பிராமணர் என்ற பெயருக்குள்ளும் அப்படியே. ஒரு மூலத்திலிருந்து பிரிந்தவர்கள் என்றால் உடலிலும் இரத்தத்திலும் அவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருக்க வேண்டும். கைலாஷ் மல்ஹோத்ராவுடன் இணைந்து, மகாராஷ்டிரத்தின் எட்டு பிராமண அகமணக் குழுக்களின் உடலளவுகளையும் இரத்த வகை முதலிய மரபுப் பண்புகளையும் ஒப்பிட்டு 1968-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒரே தகுதியில் வைக்கப்பட்ட அந்த எட்டுக் குழுக்களுக்கும் இடையே கணிசமான வேறுபாடுகள் இருந்தன. அகமணக் குழுவே உண்மையான அலகு, நாம் சாதி என்று சொல்வது அத்தகைய குழுக்களின் கொத்து என்பது அவருடைய முடிவு. அவர் அளந்தவர்களுள் அவருடைய சொந்தச் சமூகமும் அடக்கம்.

ரிஸ்லியின் ஏணி இதனால் ஆட்டம் கண்டது. ஒரே படியில் நிற்பவர்களே உடலால் வேறுபட்டவர்கள் என்றால், படிக்கும் உடலுக்கும் முடிச்சுப் போட முடியாது.

பிற்கால மரபணு ஆய்வுகள் அவருக்குப் பாதி ஆதரவாகவும் பாதி எதிராகவும் அமைந்தன. ஐதராபாத் மையத்தின் தங்கராஜ் உள்ளிட்டோர் ஹார்வர்டு ஆய்வாளர்களுடன் இணைந்து 2013-இல் வெளியிட்ட ஆய்வு, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியத் துணைக்கண்டத்தின் மக்கள்திரள்கள் பரவலாகக் கலந்தனர் என்று காட்டியது. அதன் பிறகே அகமணம் இறுகியது. கல்யாணியில் உள்ள உயிரிமருத்துவ மரபணுத்தொகுதி நிறுவனத்தின் 2016 ஆய்வு, மேல்சாதியினரிடையே அந்த இறுக்கம் சுமார் 70 தலைமுறைகளுக்கு முன் தொடங்கியதாகக் கணித்தது. உட்குழுக்கள் நெடுங்காலம் தனித்தனியே வாழ்ந்தன என்பதில் இராவதி சொன்னது சரி. ஆதியிலிருந்தே அவை தனித்தனி என்று கொண்டால் அது சரியல்ல. மண்டையை அளக்கும் கருவியால் அந்தப் பழைய கலப்பைக் கண்டிருக்க இயலாது.

எனக்கு அவருடைய நூல்களில் மிகவும் நெருக்கமானது 1953-இல் வெளிவந்த இந்திய உறவுமுறை அமைப்பு பற்றிய நூல். தமிழர்களாகிய நாம் நேரடியாக இடம்பெறும் நூலும் அதுவே. நாட்டை வடக்கு, நடுப்பகுதி, தெற்கு, கிழக்கு என நான்கு உறவுமுறை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மொழியிலும் உறவுச் சொற்களைத் திரட்டினார். வடக்கே கோத்திரத்துக்கும் ஊருக்கும் வெளியே, முன்பின் அறியாத குடும்பத்துக்குப் பெண் போகிறாள். தெற்கே அத்தை மகனும் தாய்மாமனும் உரிமையுள்ள மாப்பிள்ளைகள். அதனால்தான் நம் மொழியில் அம்மாவின் தம்பியும் மாமா, கணவனின் தந்தையும் மாமா. அப்பாவின் தங்கையும் அத்தை, மாமியாரும் அத்தை. என் பாட்டி தன் தாய்மாமனை மணந்தவர். தான் பிறந்த வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே ஒரு வேலிதான் என்பார். அந்த வேலியின் பொருள் எனக்கு விளங்கியது இந்த நூலில்தான்.

மக்கள்தொகை அறிஞர்களான டைசனும் மூரும் 1983-இல், பெண் புகும் வீடு அறிந்த வீடா அறியாத வீடா என்பதற்கும் அவளுடைய தன்னுரிமைக்கும், குழந்தைப் பிறப்பு இறப்பு விகிதங்களுக்கும் உள்ள தொடர்பை எழுதி வளர்ச்சிப் பொருளியலில் பெரும் தாக்கம் ஏற்படுத்தினார்கள். அவர்கள் நின்றது இராவதி அமைத்துக் கொடுத்த தளத்தில். இதே உறவுத் திருமணத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தாய்மாமன் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு, ஒரே மூதாதையின் ஒரே மரபணுப் பிரதி இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பதினாறில் ஒன்று. பெண்ணுக்குப் பாதுகாப்பளித்த அதே ஏற்பாடு, சில நோய்களுக்கும் வழிவிட்டது. என் பாட்டியின் பிள்ளைகளில் ஒருவர் பிறவியிலேயே காது கேளாதவர். காரணம் இதுதான் என்று உறுதியாகச் சொல்ல எனக்குத் தகுதியில்லை.

இராவதியைத் தெய்வமாக்க நான் விரும்பவில்லை. பெர்லினில் இனவாதத்தின் முடிவை மறுத்தவர், அதன் கருவியைக் கீழே வைக்கவில்லை. உலகின் பல பகுதிகளில் மானிடவியலாளர்கள் காலிப்பரை ஒதுக்கிய பின்னரும் அவர் தலைகளை அளந்துகொண்டிருந்தார். இந்தியச் சமூகம் என்று அவர் எழுதும்போது பெரும்பாலும் இந்துச் சமூகமே அவர் கண்முன் நிற்கிறது. முஸ்லிம்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள். பிற்கால ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டியது நியாயமே. தம் தரவு தம் ஆசிரியரை மறுத்தபோது தயங்காதவர், தம் சட்டகத்தை அதே கண்டிப்புடன் கேள்வி கேட்கவில்லை.

ஆனால் மனிதர்களிடையே நடந்து சென்றபோது அவர் பார்வை கூர்மையாக இருந்தது. ஞானேசுவரரின் பல்லக்குடன் பண்டரிபுரம் செல்லும் வார்க்கரி யாத்திரையில் கால்நடையாகச் சென்றவர், ஒரே அபங்கங்களைப் பாடி வந்த பிராமணர்களும் மராத்தியர்களும் உணவு வேளையில் தனித்தனியே பிரிந்து உட்கார்வதைக் கண்டு வேதனையுற்றார். தாம் மராத்தியப் பெண்களுடன் சேர்ந்து உண்டார். அதை அவர் மராத்தியில் எழுத, பின்னர் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் கணவர் தினகர்.

இறுதி ஆண்டுகளில் அவர் கொய்னா அணையால் வெளியேற்றப்பட்ட மக்களைப் பற்றி மகள் ஜெய் நிம்ப்கருடன் இணைந்து ஓர் ஆய்வு நடத்தினார். 1969-இல் அது வெளிவந்தது. மறுகுடியமர்வில் முறையான திட்டமிடல் இல்லாததை அது பதிவு செய்தது. இடப்பெயர்வுப் பொருளியல் என்று ஒரு துறை பேசப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு வெளியான அந்த அறிக்கையை நான் என் மாணவர்களுக்குப் பாடமாக வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அது வெளிவந்த மறு ஆண்டு, 1970 ஆகஸ்ட் 11-இல் அவர் மறைந்தார். வயது 64.

டாலெமில் ஃபிஷரின் நிறுவனம் இயங்கிய கட்டடம் இன்று பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் அரசியல் அறிவியல் துறையாக இருக்கிறது. 2014-இல் அதன் அருகே பணிக்காக மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. தொடர்ந்த அகழாய்வில் ஏறத்தாழ 16,000 எலும்புத் துண்டுகள் சேர்ந்தன. காலனி நாடுகளிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களுடையவையும், நாஜிகளால் கொல்லப்பட்டவர்களுடையவையும் அவற்றில் இருக்கலாம் என்று கருதப்பட்டது. யூதர்கள், சிந்தி, ரோமா மக்கள், ஆப்பிரிக்க வம்சாவளியினர் ஆகியோரின் அமைப்புகள் பல்கலைக்கழகத்துடன் கலந்து பேசின. எந்த எலும்பு எந்த இனத்துக்கு உரியது என்று கண்டறியும் சோதனை எதையும் செய்வதில்லை என்று முடிவாயிற்று. 2023 மார்ச் மாதத்தில் அத்தனையும் டாலெம் வனக் கல்லறையில் ஒன்றாக அடக்கம் செய்யப்பட்டன.